தோபி 8:7

“அப்பா போட்டோவை அம்மா சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டாங்க, மேடம். அவர் கல்லறைக் கல்லுல ‘அன்பு மனைவி’ன்னு தன் பேர் வரக்கூடாதுங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை கல் நடணும்.”

கைலாசபுரத்திலிருந்து வந்திருந்த பிரவீன்ராஜ் அப்பாவின் பைபிளை மேசையில் வைத்தான். மட்டுவார்குழலி முன்பு அச்சகத்தில் பிழை திருத்தியவர். இப்போது ஸ்ரீரங்கத்தில் துப்பறிகிறார். பைபிளைத் திறந்தார். பழைய ஏற்பாட்டின் மல்கியா முடிந்து புதிய ஏற்பாட்டின் மத்தேயு தொடங்கும் இடத்தில் இருபத்தெட்டுத் துண்டுச் சீட்டுகள். எல்லாவற்றிலும் மே 12. ஆண்டு மட்டும் 1997 முதல் மாறியது. கீழே ஒரே வரி: தோபி 8:7.

“தோபின்னா சலவைக்காரங்களாம். எங்க தெருவுல துணி தேய்க்கிற சந்திரம்மாள்தான்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. எட்டு ஏழுங்கிறது சந்திக்கிற நேரமாம். அதுவும் அப்பா அம்மா கல்யாண நாள்ல!”

உதவியாளர் பஸீலா நிமிர்ந்தாள். “எட்டு துணி போட்டு ஏழு வந்திருக்கும், அக்கா!”

“இருபத்தெட்டு வருஷமுமா? தம்பி, அப்பா பேச்சுல ஏதாவது வித்தியாசம்?”

“ஒண்ணுமில்ல. யோவானைச் சில நேரம் அருளப்பர்னுடுவார். அம்மா திருத்துவாங்க.”

மட்டுவார்குழலி சீட்டுகளை அதே இடத்தில் வைத்தார்.

“பஸீலா, வண்டியை எடு. வழியில ஒரு புத்தகம் வாங்கணும்.”

கைலாசபுரம் வீட்டில் பிரவீன்ராஜின் தாய் சுகிர்தம் நாற்காலியில் விறைப்பாக இருந்தார். வரவழைக்கப்பட்ட சந்திரம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“தோபியாம் தோபி! நான் தேய்க்கிறவ. இந்த வீட்டுத் துணிய ஒரு நாளாவது துவைச்சிருப்பேனா?”

“அவங்க சொல்றது சரி,” என்றார் மட்டுவார்குழலி. “எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு யாரும் யாரையும் வரச் சொல்ல மாட்டாங்க. இது வசனக் குறிப்பு.”

“பைபிளோட அறுபத்தாறு புத்தகமும் எனக்கு மனப்பாடம்,” என்றார் சுகிர்தம். “ தோபின்னு ஒண்ணு கிடையாது.”

“உங்க பைபிள்ல கிடையாது. அருளப்பர்ங்கிறது பழைய கத்தோலிக்க வழக்கம். சார் பிறந்தது அந்தச் சபையிலதானே?”

சுகிர்தம் தரையைப் பார்த்தார். “எனக்காக விட்டுட்டு வந்தார். அப்புறம் அதப் பத்திப் பேசினதே இல்ல.”

பிரவீன்ராஜ் தாயைப் பார்த்தான். அவனுக்கு அது புதுச் செய்தி.

“தோபித்துங்கிற புத்தகத்தோட சுருக்கம் தோபி. யூதர்கள் தங்க மறைநூல்ல அதைச் சேர்க்கல. உங்க சபையும் சேர்க்கல. கத்தோலிக்கர் வெச்சிருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் பொதுவா அச்சடிச்ச பைபிள்ல அதுக்கு இடம், மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவுல. சார் சீட்டு வெச்ச இடம்.”

வழியில் வாங்கிய அந்தப் பொது பைபிளைப் பிரித்துச் சுகிர்தத்திடம் நீட்டினார். “கல்யாண ராத்திரியில மாப்பிள்ளை பண்ற ஜெபம். எங்க ரெண்டு பேர் மேலயும் இரங்கும், ஒண்ணா வயசாக விடும்னு கேக்கிறான்.”

சுகிர்தம் வெகுநேரம் படித்தார். சின்ன வசனம்தான்.

“அம்பத்தெட்டு வயசுலயே போயிட்டாரே.”

எழுந்து போட்டோவைத் திருப்பி வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“உள்ள வா, சந்திரம்மா. தப்பாப் பேசிட்டேன். காபி போடறேன்.”

“சக்கரை தூக்கலா இருக்கட்டும்,” என்றபடி சந்திரம்மாள் படியேறினார்.

“கல்லுல என் பேரும் வரட்டும், பிரவீன். அதுக்குக் கீழ தோபி 8:7.”

“நம்ம பைபிள்ல இல்லாத வசனம்மா. சபைப் போதகர் கேப்பாரே?”

சுகிர்தம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“சலவைக் கணக்குன்னு சொல்லிடு.”