இடுப்புக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால்தான் அந்தக் கயிற்றைப் பார்த்ததும் பெவினுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வேம்பாருக்குத் தெற்கே, உடைமுள் மண்டிய உடங்காட்டைத் தாண்டினால் ஈ காக்கை இல்லாத மணல்கரை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வள்ளம் கிடையாது. கயிற்றின் நுனி ஈரமணலில் கிடந்தது. மீதி நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. இந்த முனையை யாரும் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் கயிறு விறைப்பாக நின்றது.

சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் வள்ளத்தில் இருந்து பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க எவன் விடுவான் என்கிற நம்பிக்கை. சேசையா மச்சானும் பெவினை அப்படித்தான் நம்பி இறங்கினார். கீழேயிருந்து இரண்டு முறை சுண்டினால் தூக்க வேண்டும். பெவின் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கையில் கயிறு இல்லை.

உடம்புகூடக் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியைப் புதைக்க மாட்டேன் என்று ஈவாஞ்சலின் அக்கா ஒரே பிடியாக நின்றாள். "அவுகளக் கூட்டிட்டு வா. அப்புறம் என் வீட்டுப் படி ஏறு." அதோடு சரி. அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசி இன்றோடு ஒரு வருஷம். அக்கா வீட்டில் மச்சானுக்கு வருஷ ஜெபம் நடக்கிறது, ஊரே போயிருக்கிறது. போக்கிடம் இல்லாமல் அவன் மட்டும் இங்கே வந்து நிற்கிறான்.

முதுகுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் நிழல் நீண்டு தண்ணீர்வரை போயிருந்தது. கடலிலிருந்து வீசிய கொண்டல் காற்றில் உப்பு வாடையோடு, வெயிலில் போட்ட சங்குச் சதை அழுகுகிற குமட்டும் நாற்றமும் கலந்து வந்தது. குனிந்து கயிற்றைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

சுண்டியது. இரண்டு முறை.

ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அக்காவுக்குப் போன் அடித்தான். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தான்.

"அக்கா... மச்சான் கயிறு. அசையுது."

எதிர்முனையில் ஜெபச் சத்தம் மெல்ல விலகிப்போயிற்று. கதவு சாத்தும் ஓசை.

"விட்றாத லே," என்றாள். "இந்தத் தடவ விட்றாத."

 போனை மணலில் போட்டான். இரண்டு கையாலும் இழுத்தான். கனத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, மாற்றி மாற்றி இழுத்தான்.

தலை தெரிந்தது.

தோள் தெரிந்தது. அதே நீலச் சட்டை. முங்கும்போது போடுகிற கண்ணாடி மாட்டிய முகம். கண்ணாடிக்குள் முழுக்க மணல்.

"மச்சான்!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று பிதற்றியபடி கரைக்கு இழுத்தான். மச்சான் வரவில்லை. அவர் இடுப்பின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கயிறு கடலுக்குள் போயிருந்தது.

அதுவும் சுண்டியது. இரண்டு முறை.

மச்சான் திரும்பினார். அந்தக் கயிற்றைப் பிடித்து நிதானமாக இழுக்க ஆரம்பித்தார்.

இன்னொரு தலை. கிழவன். அவன் பின்னால் இன்னொரு கயிறு. அவனும் திரும்பி இழுத்தான். இன்னொரு தலை. சட்டையில்லாத, முகமே இல்லாத ஒருவன். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. வானம் தொடுகிற இடம்வரை ஒரே வரிசை.

பெவின் பின்வாங்கப் பார்த்தான். கால் மணலில் புதைந்திருந்தது.

வரிசை நின்றது. எல்லாத் தலைகளும் கரையைப் பார்த்துத் திரும்பின.

மச்சான், பெவின் இழுத்த கயிற்றின் நுனியை எடுத்தார். பெவினின் இடுப்பைச் சுற்றினார். அவசரமே இல்லாமல் முடிச்சுப் போட்டார். இறுகுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

மணலில் கிடந்த போனில் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டாகளா? பெவின், அவுக வந்துட்டாகளா லே?"