காலி மண்டபத்தின் முழக்கம்

கம்ஷாத் கைதட்டினாள். மண்டபம் பதில் சொன்னது. ஆனால் அது காலையில் சொன்ன பதில் அல்ல.

காலையில் இதே இடத்தில், துணி விரித்த மேசைகளுக்கு நடுவே நின்று தட்டியபோது அந்த ஓசை பளிங்குத் தரையிலும் கண்ணாடிச் சரவிளக்குகளிலும் பூச்சு வாசனை போகாத சுவர்களிலும் மோதி, மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு நொடிக்கும் மேல் அலைந்துதான் அடங்கியது. காலி மண்டபங்கள் அப்படித்தான். இப்போது தட்டியதை யாரோ உள்ளங்கையில் பிடித்துக்கொண்டதுபோல் சட்டென்று நின்றுவிட்டது.

அவள் மறுபடி தட்டினாள்.

"என்ன மச்சினி, எனக்கா கைதட்டு?" ஹெட்செட்டில் யெர்மெக்கின் குரல். "இன்னும் பாதி விளக்கு கோணலா நிக்குது. அதுக்குள்ள பாராட்டா?"

அவன் மண்டபத்தின் நடுவில், கத்தரிபோல மடங்கி விரியும் லிஃப்டின் உச்சியில், கூரைச் சட்டத்தோடு இடுப்புக்கயிற்றைப் பிணைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"உங்களுக்கு யாரு அத்தான் தட்டுவா? அக்காகூடத் தட்டினதில்ல."

"அவ தட்டுவா. கையில இல்ல, முதுகுல."

அந்நியர்களிடம் நாக்கு ஒட்டிக்கொள்ளும் கம்ஷாத்துக்கு அக்கா ரைகானின் கணவனிடம் மட்டும் வாய் நீளும். இயற்பியல் படித்துவிட்டு வீட்டிலேயே கிடந்தவளை இந்த வேலைக்கு இழுத்து வந்தவன் அவன்தான். அக்காவுக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிள்ளை.

நாளை இந்தத் தொய்கானாவில், புதிதாகக் கட்டிய இந்த விருந்து மண்டபத்தில், முதல் கல்யாணம். தராஸ் நகரத்திலேயே இப்படிப்பட்ட ஒலிபெருக்கிகள் வேறெங்கும் இல்லை என்று உரிமையாளர் சொல்லித் திரிந்தார். அவை மேடைக்கு இருபுறமும் கறுப்புக் குலைகளாகத் தொங்கின. மேலே வரிசையாகத் தலை சுழலும் புதிய விளக்குகள். ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய காற்றில் மெல்லிய மூட்டம் வேண்டும். மூட்டம் போடும் இயந்திரம் வந்துவிட்டது, அதற்கான திரவம்தான் அல்மாத்தியிலிருந்து வந்து சேரவில்லை. மத்தியானம் யெர்மெக் சமையற்கட்டிலிருந்து பருத்தி எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினான். இயந்திரம் கெட்டுவிடும் என்று கம்ஷாத் சொன்னாள். கெட்டா நான் பாத்துக்கிறேன் என்றான். அது கெடவில்லை. புதிது என்பதாலோ என்னவோ நன்றாகவே ஓடியது. மண்டபம் முழுக்கச் சூடான எண்ணெய் மணம் பரவியது. உடம்புக்குள் போய் உட்காரும் மணம். வியாழக்கிழமைகளில் அக்கா ஷெல்பெக் சுடும் மணம். ஏழு மெல்லிய ரொட்டி எண்ணெயில் பொரியும். அந்த வாசனை இறந்தவர்களைச் சேரும். அவர்கள் பேரைச் சொல்லிக் குர்ஆன் ஓதுவார்கள். பிறகு ரொட்டியைப் பிய்த்து, இருக்கும் எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம்.

இன்று வியாழக்கிழமை.

அவள் பின்சுவரை ஒட்டிய மிக்ஸர் மேசைக்குப் போனாள். ஒலிபெருக்கிகளில் ஒரு நீண்ட ஒலியை ஓடவிட்டாள். அது தரையை அதிரவைக்கும் முனகலில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, பல் கூசும் கீச்சில் முடிந்தது. மண்டபத்தின் நடுவே நிறுத்தியிருந்த மைக் அதைக் கேட்டது. மடிக்கணினியில் கோடு விழுந்தது. முழக்கம் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைச் சொல்லும் கோடு. காலையில் அது தளர்வாகச் சரிந்திருந்தது. இப்போது செங்குத்தாக இறங்கியது.

கம்பியை மாற்றினாள். மைக்கை மாற்றினாள். மறுபடி ஓடவிட்டாள்.

இன்னும் செங்குத்து.

மனித உடம்பு ஓசையைக் குடிக்கும். தோல், முடி, துணி. ஆள் நிறைந்தால் முழக்கம் குறையும். எத்தனை ஆளுக்கு எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். திரையில் இருப்பது முந்நூறு பேர் நிற்கும் மண்டபம். மூட்டம் ஓசையை இப்படித் தின்னாது. திரைச்சீலைகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன.

மூன்றாம் முறை ஓடவிட்டாள். நானூறு பேர்.

"அத்தான், கீழ யாராவது இருக்காங்களா?"

"நீ இருக்க."

"வேற?"

"பேயப் பாத்த மாதிரி கேக்குற. அந்த மூணாவது விளக்கப் போடு, கண்ணு எரியுது, சீக்கிரம் முடிப்போம்."

அவள் மூன்றாவது விளக்கைப் போட்டாள். மூட்டத்தில் வெள்ளைத் தூண் ஒன்று கூரையிலிருந்து சாய்வாக இறங்கியது. தரையில் வட்டமாக விழவேண்டும். விழவில்லை. பாதியிலேயே கிழிந்திருந்தது. ஏதோ குறுக்கே நின்றால் அதன் பின்னால் மூட்டத்தில் நீண்ட இருட்டு விழுமே, அந்த இருட்டு இருந்தது. அதை விழவைத்த பொருள் இல்லை. இருட்டுக்கு ஒரு தலை இருந்தது. அந்தத் தலையைத் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்த ஒரு கழுத்து. சட்டை மாட்டும் கம்பிபோல் தோள்கள். அதன் இடுப்பருகே சின்னதாக இன்னொன்று. சின்னது பெரியதன் கையைப் பிடித்திருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"எப்படி, ரெண்டு பேரும் அங்கயே குடியிருக்கப் போறீங்களா? ஷெல்பெக் ஆறிப்போச்சு. ஓதியும் ஆச்சு."

"அக்கா. இங்கயும் அந்த வாசனை."

"அங்க யாரு சுடுறா?"

"யாரும் சுடல. அத்தான் மூட்ட மெஷின்ல பருத்தி எண்ணெய ஊத்திட்டாரு. மத்தியானத்துல இருந்து ஓடுது."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"யாராவது ஓதினீங்களா?"

"இல்ல."

"கூறுகெட்டதுங்களா. நாம நம்ம ஆளுங்க பேரச் சொல்லித்தானடி வாசனைய எழுப்புறோம். பேர் சொல்லாமக் கூப்பிட்டா கூப்பிட ஆளில்லாதவங்க வருவாங்க. அதுவும் நீங்க இருக்கிற அந்த ரயில் பாதையோரத்துல. அந்தக் காலத்துப் பஞ்சத்துல நடந்து வந்தவங்க யாரும் ஸ்டேஷனத் தாண்டலன்னு…" அக்கா அதை முடிக்கவில்லை. "அவர வெளிய கூட்டிட்டு வா. இப்பவே. கேக்குதா? என் புள்ளைக்கு அப்பா வேணும்."

கம்ஷாத் போனை வைத்தாள். மூட்டம் போடும் இயந்திரத்தின் இணைப்பை மேசையிலிருந்தே துண்டித்தாள். அதன் இரைச்சல் நின்றது. மணம் நிற்கவில்லை.

எல்லா விளக்குகளையும் போட்டாள். அதைச் செய்திருக்கக் கூடாது.

தூண் தூணாக வெளிச்சம் இறங்கியது. ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. எல்லாமே பாதியில் கிழிந்திருந்தன. தலைகள். தோள்கள். தலைகள். மேசைகளுக்கு இடையில், வாசல்வரை, நெருக்கமாக. எல்லா இருட்டும் ஒரே பக்கம் முகம் தூக்கியிருந்தது. லிஃப்டின் பக்கம். உச்சியில், எண்ணெய் ஊற்றிய கையை இன்னும் கழுவாமல் நிற்பவன் பக்கம்.

"அத்தான், கீழ இறங்காதீங்க."

"இப்பத்தான நீ சீக்கிரம் வாங்கன்னு…"

"நான் சொல்லவே இல்ல."

மேலே அவன் தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்த்தான்.

"அப்ப யாரு சொன்னா? பொம்பளக் குரல்தான். காதுக்குள்ளயே."

லிஃப்டின் மோட்டார் முனகியது. அவன் நின்ற தளம் ஒரு முழம் இறங்கியது.

"கம்ஷாத். நான் பட்டனத் தொடல."

மச்சினி என்று கூப்பிடவில்லை. வாசல் அந்தக் கூட்டத்துக்கு அப்பால் இருந்தது, லிஃப்ட் அதன் நடுவில். அவளிடம் மேசையும் மைக்கும்தான் இருந்தன. கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக்கூட அவள் மைக்கை வாங்கியதில்லை. இப்போது எடுத்தாள். சிறுவயதில் அம்மா மனப்பாடம் செய்யவைத்த சின்ன அத்தியாயத்தை ஓதினாள். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவதில் நிலைத்தது. புதிய ஒலிபெருக்கிகள் அவளுடைய மூச்சைக்கூட விடாமல் மண்டபமெங்கும் கொண்டுபோயின. எதிரொலியே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் குடித்துக்கொண்டார்கள்.

யாருக்காக என்று பேர் சொல்லவேண்டிய இடம் வந்தது.

"இங்க வந்திருக்கிறவங்களுக்கு," என்றாள்.

சத்தம் வந்தது. மெல்லியது. காய்ந்தது. ஓதி முடித்ததும் செய்வதுபோல் நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள் நூற்றுக்கணக்கான முகங்களைத் தடவி இறங்கும் சத்தம்.

லிஃப்ட் நின்றது.

"நின்னுடுச்சு," என்றான் யெர்மெக். சிரிக்கப் பார்த்தான். "நல்லா ஓதினடி. உனக்கு இவ்வளவு பெரிய குரலா?"

அவளும் மூச்சுவிட்டாள். போய்விடுவார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, போய்விடுவார்கள்.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு மண்டபத்தின் எல்லா நாற்காலிகளும் பளிங்கில் கால் உரச ஒன்றாக நகர்ந்தன. வெளிச்சத்தின் கிழிசல்கள் தாழ்ந்தன. உட்கார்ந்தார்கள். மேசைகளில் நாளைக்காக அடுக்கிய வெள்ளைத் தட்டுகள். எல்லாம் காலி. ஓதி முடித்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

மோட்டார் மறுபடி முனகியது.

"கயிறு என்னப் பிடிச்சுக்கும்… இல்ல. இது அவுருது. நான் அவுக்கல. கம்ஷாத், விளக்க அணை."

"அத்தான்…"

"இப்ப எனக்கும் தெரியுது. அணை. நான் பாக்க வேணாம்."

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அணைத்தால் அவன் எங்கே என்று தெரியாது. அணைக்கவில்லை. ஒரே ஒரு விளக்கை அவன்மேல் வைத்திருந்தாள். தளம் இறங்கியது. வெளிச்சம் அவன் பூட்சில் கிழிந்தது. முழங்காலில். இடுப்பில். மார்பில். தலைக்கவசத்தின் மேல் கொஞ்ச நேரம் மஞ்சளாக நின்றது.

பிறகு அதுவும் இல்லை.

அவன் கத்தவில்லை. நடுவில் நின்ற மைக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் கோடு சின்னச் சின்னதாகத் துள்ளியது. பிய்க்கும் சத்தம். அவசரமே இல்லாமல். ஒரு மேசை. அடுத்த மேசை. கைமாறிக் கைமாறி. யாரையும் விட்டுவிடாமல்.

கம்ஷாத் நகரவில்லை. நகரத் தெரியவில்லை. அவள் மேசைமேல் வளைந்து நின்ற சின்ன விளக்கின் வெளிச்சம் ஒருபக்கம் கிழிந்தது. இடுப்புயர இருட்டு ஒன்று தயங்கித் தயங்கி வந்து எதிரே நின்றது. இரண்டு கைகளையும் ஒட்டிவைத்து, விருந்தில் குழந்தைகள் நீட்டுவதுபோல், மரியாதையாக அவளிடம் நீட்டியது.

ஓதியவளின் பங்கு. அதிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.