சுப்பனுக்கு உடனே ஒரு மச்சான் வேண்டும்

இது நான் பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. அதனால் ஒன்றிரண்டு விவரங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. மற்றபடி எல்லாம் உண்மை.

அப்போது பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏரியோரத்தில், கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று சடையனின் குடும்பம்.

ஆனால் சடையன் பேர் வாங்கியது இறாலில் இல்லை. பாறையில்.

மேற்கே நகரி மலைக்குப் போய், செங்குத்தான பாறையில் தொங்கி மலைத்தேன் எடுப்பார். அவர் பாறையில் போவதைப் பார்த்த பல்லிகள் வெட்கப்பட்டுத் தரையில் நடக்க ஆரம்பித்தன. நகரிப் பக்கம் இன்றைக்கும் சில பல்லிகள் தரையில்தான் நடக்கின்றன. போனால் பார்க்கலாம்.

அவர் பாறையிலிருந்து ஒருநாளும் விழவில்லை. காய்ச்சல் வந்து, பாயில் படுத்தபடி இறந்துபோனார்.

வருஷா வருஷம் அந்த நாளில் அவருடைய கயிற்றை எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு மலைத்தேன் விடுவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கதையாக அவருடைய வீரத்தைச் சொல்லுவார்கள். போன வருஷத்தைவிடப் பாறை குட்டையாக இருக்கக்கூடாது என்பது மரியாதை. முதல் வருஷம் இருபது பனை உயரம் இருந்த பாறை, நாலாவது வருஷம் அறுபது பனை உயரம் ஆகிவிட்டது.

அவருடைய மகள் அம்மணிக்குப் பதினொரு வயது. மகன் சுப்பனுக்கு ஏழு. சுப்பனுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. இந்தக் கதைகள்தான் அவனுக்கு அப்பா.

அதற்கடுத்த வருஷம் மலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

"தேன் இல்லாம நைனாவ எப்படிக்கா கும்பிடறது?" என்று கேட்டான் சுப்பன்.

"அடுத்த வருசம் ரெண்டு சொட்டா வுட்டுடலாம்" என்றாள் அம்மணி.

சுப்பன் பதில் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அம்மணி அதைக் கவனிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கோட்டை அருகே ஒரு கூட்டம் நின்றது. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைச் சுவரின் நடுவில் சுப்பன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஆறு ஆள் உயரம். பத்து ஆள் உயரம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள்.

உப்புக்காற்று அரித்த கல் இடுக்குகளில் விரலை நுழைத்து நுழைத்து ஏறியிருக்கிறான். அவன் தலைக்கு மேலே, பீரங்கியின் வாய்க்குக் கீழே, முறம் அளவுக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. சுவரைப் பாறை என்று நினைத்து மலைத்தேனீக்கள் கட்டிய கூடு. இப்போது அவனால் மேலே போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழே அகழி. அகழியில் தண்ணீர் இல்லை. கல் இருந்தது.

அம்மணியின் இடுப்பிலிருந்த குடம் நழுவி உடைந்தது. அவளுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்போது ஒருவர் கடலைக் காட்டினார். ஒரு பெரிய கப்பல் பாயை விரித்து வந்துகொண்டிருந்தது.

வழக்கம் எல்லாருக்கும் தெரியும். கப்பல் முதலில் மரியாதைக்கு ஒரு குண்டு போடும். உடனே கோட்டை பதில் குண்டு போடும். பதில் போடும் பீரங்கி, தேன்கூட்டுக்கு மேலே இருக்கும் அதே பீரங்கிதான். அது வெடித்தால் சுவர் அதிரும். தேனீ மொத்தமும் கிளம்பும்.

அம்மணி ஓடினாள். கூடை சுமப்பவர்களோடு கூட்டமாகக் கோட்டைக்குள் நுழைந்து, படியேறி, பீரங்கி மேடைக்கு வந்துவிட்டாள்.

அங்கே கொர்னேலிஸ் என்ற இளம் சிப்பாய், எரியும் திரியோடு நின்றிருந்தான். பக்கத்தில் துபாஷி வேதாசலம். இரண்டு பாஷையும் பேசுகிறவர்.

"ஐயா, என் தம்பி கீழ தொங்கறான். குண்டு போடாதீங்க."

"தெரியும்மா. நிறுத்தச் சொல்ல வேண்டிய தளபதி கப்பலை வரவேற்கப் படகில போயிட்டார்" என்றார் வேதாசலம். அவருடைய தலைப்பாகை வேர்வையில் நனைந்திருந்தது.

கொர்னேலிஸ் திரியைச் சுவரில் சாய்த்து வைத்தான். ஒரு கயிற்றில் சுருக்குப் போட்டு, கூட்டைத் தொடாமல் பக்கவாட்டில் இறக்கினான். அது சுப்பனின் தோளருகே போய் நின்றது.

அம்மணி குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. அதற்குக் கீழே, வெகு தூரத்தில், கற்கள்.

"சுப்பா" என்றாள் மெதுவாக. கத்தினால் தேனீ கலையும்.

"அக்கா, கால் ஆடுது."

"ஆடட்டும். கயித்த அக்குள்ல மாட்டிக்கோ."

சுப்பன் கயிற்றைப் பார்த்தான். தொடவில்லை.

"மேல யாரு பிடிக்கறது?"

"ஒரு சிப்பாய்டா."

"அவரு எனக்கு மச்சானா?"

அம்மணிக்கு அந்த வழக்கம் தெரியும்.

தேன் எடுக்கப் போகிறவர்கள் பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். மேலே அந்தக் கயிற்றைப் பிடிப்பவர், மனைவியோடு கூடப் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட விடமாட்டார்கள். மச்சான் மட்டும்தான் கையை விடமாட்டார். விட்டால் அழப்போவது அவருடைய சகோதரிதானே?

"மச்சான் பிடிக்காத கயிறு அறுந்துடும். நைனா ஒரு தபா கூட வேற ஆள் கயித்தத் தொட்டதில்ல. நான் மாட்டேன்" என்றான் சுப்பன். அவன் விரல் பிடித்திருந்த இடத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இன்னாடா இது, சாகற நேரத்துல சம்பந்தப் பேச்சு" என்று வேதாசலம் அதட்டினார். அதட்டியதில் சுப்பனின் இன்னொரு காலும் நடுங்க ஆரம்பித்தது.

திட்டினால் இவன் விழுந்துவிடுவான் என்று அம்மணிக்குப் புரிந்தது. அந்த வழக்கம் பொய் என்று சொன்னாலும் நம்பமாட்டான். அது அவனுடைய அப்பா நம்பிய வழக்கம்.

"ஐயா, இவருக்குத் தங்கச்சி கீதானு கேளுங்க."

"இன்னாது?"

"சீக்கிரம் கேளுங்க ஐயா."

வேதாசலம் கேட்டார். கொர்னேலிஸ் திருதிருவென்று விழித்து, "எலிசபெத்" என்றான்.

"இருக்காளாம். எட்டு வயசாம்."

"அவள நம்ம சுப்பனுக்குக் குடுப்பாரானு கேளுங்க."

வேதாசலம் இருபது வருஷமாகத் துபாஷி. துணி வியாபாரம், மிளகுச் சண்டை எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவர். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இதையும் மொழிபெயர்த்தார்.

கொர்னேலிஸ் கப்பலைப் பார்த்தான். தொங்கும் பையனைப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

"ஊருக்குக் கடிதம் போட்டு எலிசபெத்தைக் கேட்கணுமாம். பதில் வர ரெண்டு வருசம் ஆகுமாம்."

"அவ்ளோ நாள் தம்பி தொங்கமாட்டான் ஐயா. அண்ணன் சம்மதம் இப்போதைக்குப் போதும்."

கொர்னேலிஸ் தலையாட்டினான்.

"சுப்பா, பொண்ணு பேசியாச்சு. பேரு எலிசபெத். மேல கீறது அவ அண்ணன். உன் மச்சான்."

சுப்பன் கேட்டான்: "இறால் பிடிப்பாளா?"

கேட்டுச் சொன்னார்கள். கருவாடு போடத் தெரியுமாம்.

"சரி" என்றான் சுப்பன்.

அந்த நொடியில் கப்பல் குண்டு போட்டது.

தேன்கூட்டின் மேல் ஓர் அலை ஓடியது. ஒன்று, பத்து, நூறு தேனீக்கள் எழுந்தன. உள்ளேயிருந்து ஓர் அதிகாரி "போடு, போடு" என்று அவருடைய பாஷையில் கத்தினார்.

கொர்னேலிஸ் எரியும் திரியைப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் போட்டான். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான்.

சுப்பன் சுருக்கை அக்குளில் மாட்டினான். ஆனால் சுவரை விடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் தேன் எடுப்பவர் யாரும் கையை விடமாட்டார்.

"மச்சான், பிடிச்சினு கீறியா?" குரல் கொசுவின் குரல் மாதிரி இருந்தது.

வேதாசலம் கொர்னேலிஸின் காதில் சொல்லிக்கொடுத்தார். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னான்: "பிடிச்சினு கீறேன்."

சுப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான்.

கயிறு விறைத்தது. கொர்னேலிஸ் இழுபட்டுப்போய்ச் சுவரில் மோதினான். அம்மணி அவனுடைய இடுப்பு வாரைப் பிடித்தாள். வேதாசலம் அம்மணியின் சடையைப் பிடித்தார். தேனீக்கள் கொர்னேலிஸின் மூக்கில் கொட்டின. நான் எண்ணியவரை பதினேழு. மூக்கு வீங்கி இரண்டு கண்களும் மறைந்தன. கயிறு மட்டும் சாண் சாணாக, நிதானமாக, சுப்பன் அகழியில் கால் ஊன்றும்வரை இறங்கியது.

கோட்டையின் பதில் குண்டு அன்றைக்கு வேறு மூலையிலிருந்து, அரை மணி நேரம் தாமதமாகப் போனது. காரணம் கேட்ட தளபதியிடம், "வீட்டு விசேஷம்" என்றார் வேதாசலம்.

அன்று மாலை தேன் இல்லாமலே கயிற்றை வைத்துக் கும்பிட்டார்கள். சுப்பன் அம்மணியின் பாவாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கதை சொல்ல வந்தவர்களுக்குப் பாறையை உயர்த்த வாய் வரவில்லை.

அம்மணி தன் தாய்மாமன் தசரதனைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் அவர்தான். நாலு வருஷமாக யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை.

"மாமா, மேல நின்னது நீதானே. உனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உங்க நைனா தலைகூடத் தெரியாது. கயிறு நடுங்கும். பயப்படறாருனு அதுல தெரிஞ்சிப்பேன்."

"நைனா பயப்படுவாரா?" என்றான் சுப்பன்.

"ஒவ்வொரு தபாவும்."

சுப்பன் அம்மணியின் பாவாடையை விட்டான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மூன்று கிண்ணம் கஞ்சி குடித்தான்.

இரண்டு வருஷமும் ஒரு மாதமும் கழித்து எலிசபெத்திடமிருந்து கடிதம் வந்தது. கொர்னேலிஸ் அதை எடுத்துக்கொண்டு வந்து, அதற்குள் கற்றுக்கொண்டிருந்த தமிழில் படித்துச் சொன்னான்.

"அன்புள்ள அண்ணா, எனக்குக் கல்யாணம் வேண்டாம். நான் கப்பலில் வேலைக்குப் போகப்போகிறேன். ஆனால் அந்தப் பையன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து கயிற்றை விட்டுவிடாதே."

சுப்பன் ஒரு பெரிய மூச்சு விட்டான். உண்மையில் அவனுக்கும் கல்யாணம் வேண்டாம். ஆனால் உடனே முகம் சுருங்கியது.

"அப்போ நீ எனக்கு மச்சான் இல்லியா?"

கொர்னேலிஸ் கடிதத்தை இன்னொரு தடவை கவனமாகப் படித்துப் பார்த்தான்.

"கயித்த வுடச் சொல்லலியே, மச்சான்" என்றான்.