சிவப்பு நாற்காலிகள் நாற்பது

"டீச்சர்... கடை வச்சிருக்கவுகல்லாம் மோட்சத்துக்குப் போவாகளா?"

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒரு வாண்டு எப்போதோ கேட்ட கேள்வி. அன்று ஆஷ்லினுக்குச் சிரிப்புதான் வந்தது. "எடை சரியாப் போட்டா போவாக" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். பிறகு அவள் எம்.பி.ஏ. சேர்ந்தாள். கடைகளைப் பற்றியே இரண்டாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சந்தை, போட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் பாடம் இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஐப்பசி மழை ஒரு நாள் அப்படிக் கொட்டாமல் இருந்திருந்தால்... செக்காலை ரோட்டில் அந்தக் கடைக்குள் அவள் ஏறியே இருக்க மாட்டாள்.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை. துப்பட்டாவைப் பிழிந்தபடி உள்ளே வந்தவள், ஓரமாக அடுக்கியிருந்த சிவப்பு நாற்காலிகளில் மேலே இருந்ததை எடுத்து உட்காரப் போட்டாள்.

"அதுல உக்காராதீக."

திரும்பினாள். கையில் பெரிய அண்டாவோடு ஒருவன். புருவத்தில் மழைத்துளி. கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கண்கள்... அந்தக் கண்களை ஒரு நொடிக்கு மேல் பார்க்க முடியாமல் அவள் அண்டாவைப் பார்த்தாள்.

"நாற்காலில உக்காராம வேற என்ன செய்யுறதாம்?"

"அங்குட்டு நீலச் சேர் கெடக்கு. மழை விடுற வரைக்கும் உக்காருங்க. இது மட்டும் வேண்டாம்."

"ஏன், இதுல மகாராணி வந்து உக்காரப் போறாகளா?"

அவன் அண்டாவை இறக்கினான். தோளில் கிடந்த துண்டால் ஒரு நீல நாற்காலியைத் துடைத்து, சாரல் படாத இடமாகப் பார்த்துப் போட்டான். 'திமிரு பிடிச்சவன்' என்று நினைக்க வந்த மனம்... அந்தத் துண்டைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது.

அவன் பெயர் அருண் ஜோசப். கடை அவனுடையது.

அவளுக்கும் ஒரு கடை வேண்டியிருந்தது. படிப்புக்காக உள்ளூரில் ஒரு தொழிலை நேரில் ஆராய்ந்து, கேஸ் ஸ்டடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உங்க கடையை நான் படிக்கலாமா?"

"இங்க அண்டாவும் தவலையும்தானே இருக்கு. படிக்க என்ன கெடக்கு?"

"அண்டாவைத்தான் படிக்கணும்."

அவன் முதல் முறையாகச் சிரித்தான். மழை எப்போதோ விட்டிருந்தது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை...

மூன்று வாரம் வந்தாள். பேராசிரியை மீனலோசனி வகுப்பில் சொன்னபடியே செய்தாள். முதலில் முழுக் கதையையும் கேள். முடிவெடுப்பவர் யார் என்று பார். பிரச்சினை எது, அதன் அறிகுறி எது என்று பிரித்துவிடு. இரண்டு மூன்று வழிகளை எடுத்து வை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று எழுது.

அவள் கேட்டாள், அவன் சொன்னான். புதிதாகக் கட்டிய மண்டபத்தின் ஆர்டர் கிடைத்தால் வருடம் முழுக்கப் பிழைப்பு ஓடிவிடும் என்றும், அதற்காக ஆறு மாதமாக அலைகிறான் என்றும் எழுதிக்கொண்டாள். முகூர்த்த நாளில் நீல நாற்காலி போதாமல் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். அன்றைக்கும் சிவப்பு நாற்காலிகள் நாற்பதும், ஒரு பந்தல் துணியும், இரண்டு தண்ணீர் டிரம்மும் அசையாமல் மூலையில் இருந்தன. கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் எழுதினாள்: 'முக்கியப் பிரச்சினை: உரிமையாளரின் வணிக அறிவுக் குறைவு. கையிலுள்ள பொருளை வீணாக முடக்கி வைத்திருக்கிறார்.'

திங்கட்கிழமை மீனலோசனி அதைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் எழுதியிருந்தது: 'இது நீ பார்த்த அறிகுறி. காரணத்தைக் கேட்டாயா? முடிவெடுப்பவரின் இடத்தில் உட்கார்ந்து பார்.'

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார். "கடைக்காரர் படிச்சுப் பார்த்து, சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கணும். இல்லைன்னா வாங்க மாட்டேன். இந்தப் பேப்பர் போயிரும் ஆஷ்லின்."

கையெழுத்தை முதலில் வாங்கிவிடலாம், மற்றதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அன்று மாலையே கடைக்குப் போனாள். அதுதான் அவள் செய்த தவறு. அருண் நின்றபடியே படித்தான். அந்த வரியில் அவன் கண்கள் நின்றன... நகரவில்லை.

"மூணு வாரமா வந்தீக" என்றான் மெதுவாக. "ஒரு தடவை ஏன்னு கேட்டிருக்கலாம்."

"நீங்களாச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேக்காததை எப்படிங்க சொல்றது?"

கையெழுத்துப் போடாமல் தாள்களை மடித்துக் கொடுத்தான். "அறிவுக் குறைவானவன் கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. 'நான் ஏன் முதல்ல கேக்கணும்?' என்று ஒரு வீம்பு அதை விழுங்கிவிட்டது...

இரண்டு நாள் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறப்பாள், மூடுவாள். அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதுவாள், அதையும் அழிப்பாள். செபமாலை சொன்னால் பாதியில் எண்ணிக்கை தவறியது. பேப்பர் போய்விடுமே என்ற பயமா இது? அப்படியென்றால்... கண்ணை மூடினால் ஏன் புருவத்து மழைத்துளி வருகிறது?

புதன்கிழமை மதியம் வீம்பு தோற்றது. கடைக்குப் போனாள். அருண் இல்லை. பாத்திரம் கழுவும் காளீஸ்வரிதான் இருந்தாள்.

"அண்ணே கொத்தமங்கலத்துக்குப் பாத்திரம் எறக்கப் போயிருக்காரு. போனைக்கூட மேசையிலயே விட்டுட்டாரு" என்றாள். "ரெண்டு நாளா மூஞ்சியே சரியில்ல. நீங்க என்ன சொல்லித் தொலைச்சீக?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா..."

"எழுதுனீகளாக்கும். சரி, அவரு எடத்துல செத்த உக்காருங்க. பிள்ளையப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டியாந்துர்றேன்."

அவன் மேசை, அவன் நாற்காலி. தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மேசையில் கிடந்த அவன் போன் அடித்தது. எடுத்தாள்.

"மண்டபத்து மேனேஜர் பாண்டீஸ்வரன் பேசுறேன். வர வேண்டிய சேர் வண்டி வழியிலேயே நின்னு போச்சு. நாலு மணிக்குள்ள நாப்பது சேர் வேணும். இன்னைக்கு அனுப்பி வச்சா இந்த வருஷம் பூரா உங்க கடைதான். பத்து நிமிஷத்துல சொல்லுங்க."

நாற்பது... அவள் பார்வை மூலைக்குப் போனது. கேஸ் ஸ்டடி தானாகவே முடிந்துவிட்டது. சரி என்று சொன்னால் போதும். அவன் கண்ணில் இருந்த வருத்தமும் போய்விடும்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தது. செருப்பு இல்லை. பின்னால் ஒரு லோடு ஆட்டோ.

"தாயி... எங்கய்யா..." என்றவருக்கு அதற்கு மேல் வரவில்லை. "சனங்க வர ஆரம்பிச்சுட்டாக. ஒக்கார ஒண்ணும் இல்ல. நான் வீரணன். தம்பிக்கிட்டச் சொல்லிருங்க."

யாரையும் கேட்காமல் நேராக மூலைக்குப் போய்ச் சிவப்பு நாற்காலிகளைத் தூக்கினார். ஊருக்கே தெரிந்திருக்கிறது... மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய அவளுக்குத்தான் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்து, முன்கூட்டியே வந்து சொல்லி வைப்பார்கள். சாவுக்கு யார் சொல்லி வைப்பது?

போனை எடுத்தாள். மண்டபத்து மேனேஜரை அழைத்தாள். "சார், சேர் இல்ல. இருந்த நாப்பதும் இப்பத்தான் போச்சு." பிறகு துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, வீரணனோடு சேர்ந்து நாற்பதையும் வண்டியில் ஏற்றினாள்.

அருண் திரும்பியபோது அவள் மேசை அருகே கை பிசைந்தபடி நின்றாள்.

"வீரணன் வீட்டுத் துக்கத்துக்குச் சேரைக் குடுத்து, உங்க மண்டப ஆர்டரை நான் கெடுத்துட்டேன். ஆறு மாசமா அலைஞ்சீக... எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கெடுத்தேன்."

அவன் நாற்காலிகள் போன மூலையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்கப்பா எறந்தது முகூர்த்த நாளு. ஊரு பூரா ஒரு சேர் இல்ல. வயசானவுகல்லாம் மழையில நனைஞ்ச சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னாக" என்றான். "அதுலருந்து சாவு வீட்டுக்குன்னு இந்தச் சேரை ஒதுக்கிட்டேன். அதுக்கு மட்டும் வாடகை கெடையாது."

"என்னை மன்னிச்சிருங்க. அந்த வரியை..."

"தப்பா ஒண்ணும் எழுதலயே. யாவாரத்துல நான் கொஞ்சம் மக்குத்தான்."

"மக்குதான்" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. "உங்க நாற்காலில உக்காந்து பார்க்கச் சொன்னாக எங்க மேடம். உக்காந்துட்டேன். இப்ப... எந்திரிக்க மனசு வரல."

அவன் காது மடல் சிவந்திருந்தது.

"எந்திரிக்கச் சொன்னது யாரு?" என்றான். "மொத நாளே உங்களைப் போகச் சொல்ல மனசு வரல... நீலச் சேரைத் துடைச்சது அதுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை காலை, புதிதாக எழுதிய அறிக்கையோடு கையெழுத்து வாங்க வந்தாள். முக்கியப் பிரச்சினை என்ற இடத்தில் இப்போது ஒரு கேள்வி இருந்தது: துக்க வீட்டுக்கான நாற்காலிகளைத் தொடாமல் இந்தக் கடை வளர வழி என்ன? அதற்கு மூன்று வழிகள் எழுதியிருந்தாள்.

கடை இன்னும் திறக்கவில்லை. பூட்டிய ஷட்டருக்கு முன்னால், வீரணன் வீட்டுக்குப் போயிருந்த சிவப்பு நாற்காலிகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. கொண்டுவந்தவர் யாரும் இல்லை. தெருவும் வெறிச்சோடிக் கிடந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்த அருண், எண்ணிப் பார்த்துவிட்டு நின்றான். மறுபடியும் எண்ணினான். அவளும் எண்ணினாள்.

நாற்பத்தொன்று.

அடியில் இருந்த ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகச் சிவப்பு. விலைச் சீட்டைக் கிழித்த பசை அதன் முதுகில் இன்னும் காயவில்லை.

இருவரும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தார்கள்.