கணவாய் நிலையம் பதில் சொல்கிறது

திரையில் ‘கணவாய் நிலையம்’ என்ற பெயருக்கு எதிரே காலையிலிருந்து நாற்பத்தொன்று என்ற எண்ணே நின்றுகொண்டிருந்தது.

சைகலுக்கு அது பிடிக்கவில்லை. பிஷ்கெக் நகரத்தின் பழைய அச்சகக் கட்டிடத்தில், மூன்றாம் மாடியில், சுவரை அடைத்த திரையில் முன்னூறு வலைத்தளங்களின் பெயர்கள் ஓடும். கணினி நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். இருந்தால் இருநூறு என்ற எண், பச்சை நிறம். உள்ளே கோளாறு என்றாலோ பதிலே இல்லை என்றாலோ சிவப்பு. பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்பது கடைசிக் கட்டத்தில் ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை.

கணவாயின் எண் ஒருநாளும் ஓரிடத்தில் நின்றதில்லை. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், சாலைத்துறையின் தகரக் குடிசையில், காற்றில் ஆடும் ஆன்டெனாவுக்குக் கீழே இருந்தது அந்தச் சர்வர். முன்னூற்று எண்பது வரும், அடுத்தது தொள்ளாயிரம். அதை வைத்தே அங்கே காற்று எப்படி என்று சொல்லிவிடுவாள். அங்கே பத்து நாள் முறையில் காவலிருப்பவன் அவள் கணவன் மிர்பெக். போன் எட்டாத இடம். லாரிக்காரர்களுக்குச் சாலை நிலவரம் எழுதும் பக்கத்தின் அடியில் அவளுக்கென்று ஒரு வரி எழுதிவைப்பான். நேற்று எழுதியது: ‘பனி முழங்கால் வரைக்கும். சாக்ஸ் ரெண்டும் ஓட்டை. வீட்டுக்காரி கவனிக்கவும்.’

இன்றும் அதே வரிதான் இருந்தது.

“ஜிபெக், கணவாய்ல இன்னிக்கு காத்தே இல்லையாடி?”

பக்கத்து மேசைப் பெண் ஜிபெக். நேற்றுவரை, “உன் புருஷன் விடுற மூச்சக்கூட எண்ணுவியாக்கா?” என்று கேலி செய்தவள். இன்று தலையைத் திருப்பவில்லை.

“பச்சையாத்தானே இருக்கு. விடுக்கா.”

மூன்று மணிக்கு மேலாளர் குபாத் வெளியிலிருந்து வந்தார். எப்போதும் டீ கொண்டுவரச் சொல்லி விரட்டுகிறவர், இன்று தானே ஒரு கோப்பை கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவருடைய கோட்டிலிருந்து காய்ந்த எண்ணெய் வாசம் அடித்தது. மாவுத் துண்டுகளைப் பொரித்துச் செய்யும் போர்சோக்கின் வாசம்.

“எங்கண்ணே விருந்து? நாலு போர்சோக் பையில போட்டுட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

“விருந்தா... ஒரு வீட்டுக்குப் போயிருந்தேம்மா.”

“யார் வீட்டுக்கு?”

“டீயைக் குடி. ஆறிடும்.”

கல்யாணத்துக்கும் மாவு பொரிப்பார்கள், சாவுக்கும் பொரிப்பார்கள். இறந்தவர்களுக்குச் சோறு போய்ச் சேராது, எண்ணெய் வாசம் மட்டும் சேரும் என்று சைகலின் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் வாணலியை ஏற்றுவாள். இன்று செவ்வாய்.

நான்கு மணிக்கே நகரத்தின் மீது நிலக்கரிப் புகை இறங்கிவிட்டது. எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் புகைக்குள் போக, ஜன்னலடியில் ஓடிய வெந்நீர்க் குழாய் யாரோ நகத்தால் தட்டுவதுபோல விட்டுவிட்டுச் சொடுக்க, அடுத்த அறையில் அலுவலகத்துச் சர்வர்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, டீயின் மேல் படிந்த ஆடையைப் பார்த்தபடி சைகல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆடைக்கு மேலேயும் அந்த எண்ணெய் வாசம்தான்.

நாற்பத்தொன்று. மறுபடியும் நாற்பத்தொன்று.

திரையில் கணவாய்க்கான அமைப்புகளைத் திறந்தாள். அங்கே இருந்தது கணவாயின் முகவரி இல்லை. அடுத்த அறைக் கணினியின் முகவரி; சுவருக்கு அப்பாலிருந்தே பதில் வந்ததால்தான் எண் நாற்பத்தொன்றை விட்டு அசையவில்லை. நேற்றைய பக்கத்தை அதில் நகலெடுத்து வைத்து, அதையே கூப்பிடும்படி யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள். மாற்றிய நேரம் ஒன்பது நாற்பது, அவள் வேலைக்கு வருவதற்கு முன். மாற்றியவர் குபாத்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாவுச் செய்தியை யாரும் போகிற போக்கில் சொல்வதில்லை. பெரியவர்கள் வர வேண்டும். இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் சொல்வார்கள். அதுவரை தெரிந்தவர்கள் எல்லாரும் முகத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். குபாத் திரையின் முகத்தையும் மாறாமல் வைத்திருந்தார்.

பழைய முகவரியை மறுபடி போட்டாள். சிவப்பு வரட்டும். சிவப்பைப் பார்த்தால் அழுதுவிடலாம்.

ஒரு நிமிடம்.

பச்சை. இருநூறு. பதில் வர ஆன நேரம் பதினோராயிரம். பதினொரு விநாடி.

பக்கத்தைத் திறந்தாள். அடியில், நேற்றைய வரிக்குக் கீழே:

‘9.12. மேலேருந்து பனி சரிஞ்சிடுச்சு. கதவு திறக்கல. பயப்படாத, நல்லாத்தான் இருக்கேன்.’

‘10.05. சைகல், பாக்கலையா? ஆள் அனுப்பு.’

‘10.50. மேல தோண்டுறாங்க. சத்தம் கேக்குது.’

‘11.20. போயிட்டாங்க. என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.’

‘15.40. இப்போ குளிரல.’

நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். “அண்ணே, அவர் இருக்காரு. குடிசைக்குள்ளதான் இருக்காரு. போனப் போடுங்க. தோண்டச் சொல்லுங்க.”

குபாத் திரையைப் பார்த்தார். அவர் உதடு வெளுத்தது.

“அந்தக் குடிசையே இல்லம்மா. ஆன்டெனா, சர்வர் எல்லாம் நொறுங்கிப் பள்ளத்துல கிடக்கு. பதினொரு மணிக்கே அவரை எடுத்துட்டாங்க. உன் மாமனார் வீட்டுலதான் கிடத்தியிருக்கு. நான் முகத்தைப் பாத்துட்டு வந்தேன். அடிச்ச அடியிலேயே போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு.”

கதவு திறந்தது. மாமனாரின் அண்ணன், தொப்பியைக் கையில் பிடித்தபடி. பின்னால் வெள்ளை முக்காடிட்ட இரண்டு பெண்கள். கூடவே அந்த வாசம், அறை முழுக்க. பெண்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள்.

“மகளே,” என்று பெரியவர் தொடங்கினார். “உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்.”

சைகலின் கண் திரையைவிட்டு அகலவில்லை. அங்கே நிமிடம் மாறியது. கணினி மறுபடி கூப்பிட்டது. இருக்கிறாயா?

பச்சை. ஆறாயிரம்.

‘16.21. சைகல், எண்ணெய் வாசம் வருது.’

பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். ஜிபெக் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய் சொடுக்கியது.

பச்சை. தொள்ளாயிரம்.

‘16.22. நம்ம வீட்டு வாசம். அத வச்சே வந்துட்டேன்.’

பெரியவரின் குரலும் நின்றுவிட்டது. மூடிய கதவுக்கு அப்பால், அடுத்த அறைச் சர்வர்களின் முனகலும் நின்றது.

பச்சை. நாற்பத்தொன்று.

‘16.23. யாருக்குப் பொரிக்கிறீங்க? யார் செத்தது, சைகல்? ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?’