தகட்டில் வைத்த கை

கையை எடுத்ததும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்து நிற்க வேண்டும். வந்தது, நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குள் இறங்கியது.

டக்ளஸ் கிளிப்புகளைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டினான். மேஜை மேல் கிடந்தது பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு, இரண்டு வயர்களோடு. கரண்ட் கொடுத்தால் அதன் ஒரு முகம் பனியாகக் குளிரும், மறு முகம் கொதிக்கும். குளிரும் முகத்தைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் மேல் படியவைத்துவிட்டால் இந்த ஏப்ரல் வெயிலிலும் மிஷின் பாதியில் அணையாது. பெங்களூர் கம்பெனிக்கு இன்று அனுப்ப வேண்டிய விளம்பரப் படம் நேற்றிலிருந்து பாதியிலேயே நிற்கிறது.

தகட்டுக்கு எந்த சப்ளை என்பதுதான் காலையிலிருந்து கேள்வி. கம்ப்யூட்டரின் சொந்த சப்ளையில் கொடுத்துப் பார்த்தான். பாரம் தாங்காமல் மிஷினே படுத்துக்கொண்டது. பழைய லேப்டாப் அடாப்டருக்கு வோல்ட் அதிகம், தகடு கருகிவிடும். மிஞ்சியது கண்காணிப்புக் கேமராக்களுக்குப் போடும் தகரப்பெட்டி சப்ளை. பன்னிரண்டு வோல்ட், பத்து ஆம்ப்ஸ். அதுதான் சரி. இணைப்பதற்கு முன் தகட்டைச் சோதிக்க ரோனி ஒரு வழி சொல்லியிருந்தான். சப்ளையே இல்லாமல் மீட்டரை மட்டும் மாட்டி மேல் முகத்தில் கை வை. உடம்புச் சூட்டுக்குத் தகடே கொஞ்சம் கரண்ட் தரும், பிளஸ்ஸில் காட்டும்.

போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“மச்சா, மைனஸ் காட்டுதுடா.”

“வயர மாத்திப் போட்டிருப்ப.”

“இல்லடா. கை வெச்சா பிளஸ்தான். எடுத்தா மைனஸ்.”

ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரோனி சிரித்தான். “அப்ப நீ எடுத்ததும் சில்லுனு வேற யாரோ கை வெக்கறாங்க. ஐஸ் ரூமுல வேற இன்னா வரும்?”

“இன்னா ஐஸ் ரூமு?”

“சொரங்க ஷாப்ட்ல செத்தவங்கள மேல தூக்கியாந்து அங்கதான் ஐஸ் மேல போட்டு வெப்பாங்களாம், ஊட்டுக்காரங்க வர்ற வரிக்கும். ரூமு ஓனர் கோவிந்தன் சொல்லலியா? வாடகைய கொறச்சப்பவே உனக்கு டவுட்டு வந்திருக்கணும்.” பின்னால் யாரோ அவனை அதட்டினார்கள். “சரிடா, கோயிலாண்ட கீறேன். ஆராதனை முடிஞ்சி கூப்புடறேன். பெரிய வெள்ளிக்கிழமையில உன்னாட்டம் எவன்டா வேல செய்வான்?”

காலையில் அம்மா லூயிசாவும் இதையேதான் கேட்டுவிட்டுப் போனாள். பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டின் இந்த ஓரத்தில் மனிதச் சத்தமே இல்லை. எல்லோரும் மும்மணி ஆராதனையில். வெளியே காற்று மட்டும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண்ணை வாரிக்கொண்டு வந்து இரும்புக் கதவில் சரசரவென்று இறைத்துக்கொண்டிருந்தது. அந்த மண் மிஷினுக்குள் போகாமலிருக்கத்தான் வென்டிலேட்டரில் அட்டை செருகி, கதவை அறைந்து சாத்தியிருந்தான். சாத்தியபோது கதவு தொண்டை கனைத்தது போல ஒரு சத்தம் எழுப்பிச் சட்டத்தில் இறுகியது.

மீட்டர் இன்னும் இறங்கியது.

தகரப்பெட்டியில்தான் ஏதோ கசிகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கீழே வைத்தான். எண் மாறவில்லை. தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது. சற்று நேரத்தில் சூடேறி, எண் பிளஸ்ஸுக்கு வந்தது. எடுத்தான். மைனஸ். இம்முறை எண் தயங்கவில்லை, அவன் கை விலகும் இடத்துக்காகவே காத்திருந்தது போல உடனே இறங்கியது.

மறுபடி வைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அறையில் ஒரு வாசனை. ஈர மரத்தூளின் வாசனை, ஐஸ் கட்டிகளை மூடி வைப்பார்களே, அது. தகட்டின் வெள்ளை முகத்தில் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. பூக்காத இடங்கள் இரண்டு. நீளவாக்கில், பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலத்துக்கு.

அப்போது கரண்ட் போனது.

டியூப்லைட் அணைந்தது. மின்விசிறி தேய்ந்து நின்றது. கதவோரம் கத்தி மாதிரி ஒரு கோடு வெயில். மேஜையில் மீட்டரின் மஞ்சள் சதுரம், அதன் சொந்த பேட்டரியில். ஊரிலேயே கரண்ட் இல்லை. எந்த சப்ளையும் இல்லை. மீட்டர் மைனஸில் ஏறிக்கொண்டே போனது.

கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாள் விலகியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். அசையவில்லை. சாவி கொடுத்த அன்று கோவிந்தன் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. “மதியத்துல மட்டும் அந்தக் கதவ சாத்தாதீங்க தம்பி. வெயிலுக்கு இரும்பு ஊதிக்கும். பொழுது எறங்கினாத்தான் தெறக்கும்.”

“யாராவது கீறீங்களா?”

மண் கதவில் இறைந்தது.

போன் மேஜையில் இருந்தது, மீட்டருக்குப் பக்கத்தில். அவன் போகவில்லை. முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு அந்த மஞ்சள் எண்ணையே பார்த்தான். ஒன்று மட்டும் புரிந்தது. எண் மைனஸில் இருக்கும் வரை அது அங்கே இருக்கிறது. மேஜையருகே. தகட்டில் கை வைத்தபடி. இருக்கட்டும். பொழுது இறங்கும் வரை அங்கேயே இருக்கட்டும். ஆண்டவரே, அங்கேயே இருக்கட்டும்.

போன் அதிர்ந்தது. நீல வெளிச்சத்தில் ரோனியின் பெயர். மேஜையைச் சுற்றி யாரும் இல்லை.

போன் ஓய்ந்தது.

மைனஸ் குறைந்தது. இன்னும் குறைந்தது. பூஜ்யம்.

கையை எடுத்துவிட்டது.

டக்ளஸ் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் கதவை அறைந்தான். வெயில் குடித்த இரும்பு தோலைச் சுட்டது. கத்தினான். அறைந்தான். மரத்தூள் வாசனை பிடரியில். மூச்சுச் சத்தம் இல்லை. காலடி இல்லை. குளிர் மட்டும், சட்டை வழியாக, முதுகின் அகலத்துக்கு.

கைகளை எடுக்க முடியவில்லை. தலையைத் திருப்பவும் முடியவில்லை.

அவன் இரண்டு கைகளுக்கும் நடுவே, சுடுகிற துருவின் மேல், ஒரு நீர்முத்து பூத்தது. பிறகு ஐந்து. பிறகு, அவன் தோளுக்கு மேலாக நீட்டி ஊன்றியது போல, விரல்கள் விரிந்த உள்ளங்கை ஒன்று முழுதாக. கதவோரத்து வெயில் கோட்டில் அதன் விளிம்புகள் மெல்ல வெள்ளையாக உறைந்தன.