பின்னறைக்கு ஒரு றவுட்டர்

தயாளினி பின்னறைக்குள் நிற்கும்போது மட்டும் பாட்டு அறுந்தது.

கட்டில் தலைமாட்டில் இருந்த சின்ன வைஃபை ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கொஞ்சத் தூரம் போய் விக்கும், நிற்கும், பிறகு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு ஓடும். ஆனால் அவள் கணவன் குகதாசனின் வாயைத் துடைத்துவிட்டு ஈரத்துணியோடு குசினி அடுப்படிக்கு வந்த பிறகு, அதே பாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் சுவர்களைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். திரும்பிப் போய் வாசற்படியில் கால் வைத்தால் மறுபடி விக்கல்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். குகதாசனுக்குப் பேச்சு இல்லை. புரட்டிப் படுக்கவைப்பதும், தலையை நிமிர்த்தி வைப்பதும் தயாளினிதான். பாட்டுக் கேட்கிறபோது மட்டும் அவருடைய கண்கள் கொஞ்சம் தெளிந்தன. அந்தத் தெளிவை இழக்க அவள் தயாராக இல்லை. வீட்டில் இருந்த பழைய வைஃபை றவுட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு நாகேஸ்வரியைக் காவலுக்கு இருத்திவிட்டு, மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள்.

படுக்கையில் கிடக்கிற கணவனுக்குப் பாட்டு என்று அவள் சொல்ல, போன் கடைக்காரன் கிறிஸ்ரி பழையதைப் புரட்டிப் பார்த்தான்.

"வீடு பழசோ, அக்கா?"

"ஓம் தம்பி. சுண்ணாம்புக்கல்லுச் சுவர். ரண்டடித் தடிப்பு."

"அப்ப உந்த ஒண்டு மட்டும் காணாது. பாட்டுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. சுவரைத் தாண்டிப் போறதுதான் முக்கியம். இது சோடிப் பெட்டி. ஒண்டை ஹோலிலை வையுங்கோ, மற்றதை அவர் படுத்திருக்கிற அறையுக்கை."

"நான் உள்ளை போனால்தான் நிக்குது, தம்பி. வெளியாலை வந்தால் நல்லா ஓடுது."

கிறிஸ்ரி சிரித்தான். "ஆக்கள் குறுக்கை நிண்டாலும் சிக்னல் குறையும், அக்கா. பயப்பிடாதேங்கோ."

அவள் பயப்படுவதாகச் சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது நான்கரை மணி. கார்த்திகை மழைக்கு வானம் கறுத்து, வீட்டுக்குள் வெளிச்சம் ஒரு முழம் குறைந்திருந்தது. நாகேஸ்வரி வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்ரை மனுசன் ஒரு கரைச்சலும் தரேல்லை, பிள்ளை. நீ போன நேரம் தொட்டுப் பாட்டுத்தான். ஒருக்காலும் அறுகேல்லை."

"என்ன பாட்டக்கா?"

"தாலாட்டு. ஆரோ ஒரு பொம்பிளை. மேளதாளம் ஒண்டும் இல்லை, சும்மா குரல். நல்ல குரல்."

நாகேஸ்வரி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். தயாளினி தோளில் தொங்கிய பையின் பாரத்தோடு அங்கேயே நின்றாள். பழைய றவுட்டர் பைக்குள் இருந்தது. பாட்டுப் போடுகிற போன் அவள் கையில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாருடைய போனோ ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சொன்னாள்.

முதற்பெட்டியை ஹோலில் பொருத்தினாள். இரண்டாவதைப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். அறையில் மருந்தெண்ணெய் மணத்துக்கு அடியில் வேறொரு வாசனை: நனைந்த தலைமயிரை வெகுநேரம் முடிந்து வைத்திருந்து அவிழ்த்ததுபோல. குகதாசன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவள் பெட்டியைச் செருகி, நீல வெளிச்சம் வந்ததும், தேவையில்லாத அவசரத்தோடு வெளியே வந்தாள்.

போனில் கிறிஸ்ரி பெட்டிகளை இணைக்கிற முறை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் வெளியே கேட்கும்படி போனை மேசையில் வைத்திருந்தாள்.

பின்னறையில் பாட்டுத் தொடங்கியது.

ஒரு பெண்ணின் குரல். தணிந்த, அவசரமில்லாத குரல்.

"ஆ, பாட்டுக் கேக்குது. வேலை செய்யுதக்கா."

"நான் இன்னும் ஒண்டும் போடேல்லை, தம்பி."

"போனிலை பாருங்கோ. எத்தினை கனெக்ட் ஆகியிருக்கு எண்டு காட்டும்."

மூன்று. அவளுடைய போன். ஸ்பீக்கர். மூன்றாவதற்குப் பெயர் இல்லை.

"அது எந்தப் பெட்டியோடை நிக்குது?"

"அவரின்ரை அறைப் பெட்டியோடை."

"சிக்னல்?"

"முழுசாக் காட்டுது."

"அப்ப அது வெளியாலை இல்லை, அக்கா. அந்த அறையுக்கை ஆரின்ரையோ போன் கிடக்கு. அதை புளொக் பண்ணிவிடுங்கோ."

அவள் விரலை வைத்தாள். பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. மழைச் சத்தம் மட்டும். ஓட்டில், தகரத்தில், வாழையிலையில்.

"நிண்டிட்டுதோ?"

"ஓம்." அவளுக்கு மூச்சு வந்தது. "நிண்டிட்டுது."

அறுந்த சொல்லின் மீதிப் பாதியைக் குரல் பாடியது.

"அக்கா," என்றான் கிறிஸ்ரி. "இன்னும் கேக்குது."

அவள் நடந்தாள். குசினி. நடை. பின்னறை வாசல். இந்த முறை அவள் வந்ததற்காகப் பாட்டு நிற்கவில்லை.

ஸ்பீக்கரில் வெளிச்சம் இல்லை. வயர் கழன்று தொங்கியது.

குரல் அங்கிருந்து வரவில்லை. கட்டிலிலிருந்து வந்தது.

தலையணை தரையில் கிடந்தது. குகதாசனின் தலை மெத்தையில் இல்லை. ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒரு மடியின் உயரம். கீழே ஒன்றும் இல்லை. அவருடைய நெற்றி மயிர் ஐந்து கோடாகப் பிரிந்தது. படிந்தது. மறுபடி பிரிந்தது.

"இஞ்சேரப்பா," என்று கணவனைக் கூப்பிட்டாள் தயாளினி.

பாட்டு நின்றது.

மயிர் அசைவதும் நின்றது.

அவருடைய இரண்டு கன்னங்களிலும் பள்ளம் விழுந்தது, உள்ளங்கைகள் பொத்தியதுபோல. முகம் மெல்லத் திருப்பப்பட்டது. வாசல் பக்கமாக. அவள் பக்கமாக.

கண்கள் மட்டும் திரும்பவில்லை. அவை மேலேயே, அவர் முகத்துக்கு மிக அருகில் குனிந்திருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.